கரண்டு போஸ்ட்டுக்குக் காசு யாருடையது?

எங்கள் மாமா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் பண்ணியது எல்லாம் தோட்டத் தொழிலாளர் லயத்தில். ஓய்வு வயது வந்ததும் தோட்டத்து வீட்டைக் காலி பண்ணிக் கொடுக்க வேண்டும் அல்லவா? அத்தை வழியில் கேமரன் மலையில் ரிங்லெட் பக்கம் ஒரு துண்டு நிலம் வந்தது. ஊழியர் சேமநிதிப் பணத்தைப் போட்டு அதில் வீடு எழுப்பினார். கூரை ஏறியாச்சு, தரை பூசியாச்சு. கரண்டு மட்டும் வரவில்லை. ஒயரிங் குத்தகைக்காரர் கொடுத்த தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு உடனே போன் போட்டார்.

"மாப்ள, கரண்டு விக்கிறது அவன். மாசாமாசம் பில்லு வாங்கப் போறதும் அவன். மீன் விக்க வர்றவன் வேனுக்கு நாமளா எண்ணெய் ஊத்துறோம்? போஸ்ட்டு நடுற காசு மட்டும் ஏன் என் தலையில?"

நியாயமான கேள்விதான். கேமரன் மலையில் புதுசாக வீடு கட்டும் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். தேத்தண்ணி ஒரு குவளை போட்டு வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

முதலில் அந்தத் தாள். அதில் ஒரே ஒரு தொகைதான் இருந்தது. "கரண்டு வேலை, மொத்தம் இவ்வளவு வெள்ளி" என்று ஒற்றை வரி. இதுதான் முதல் கோளாறு. கரண்டு எடுப்பது என்பது ஒரு செலவு இல்லை, நாலைந்து செலவு. ஒவ்வொன்றும் வேறு வேறு கைக்குப் போகிறது. எது யாருக்கு என்று பிரித்துப் பார்க்காமல் யார் கட்ட வேண்டும் என்று சண்டை போட்டுப் பயனில்லை. "அண்ணே, இதைப் பிரிச்சு எழுதிக் கொடுங்க" என்று குத்தகைக்காரரிடம் கேட்கச் சொன்னேன். அவர் முகம் சுளித்தாராம். கேட்டு வாங்கியே விட்டார் மாமா.

மீட்டருக்கு உள்பக்கம் இருப்பதெல்லாம் உங்களுடையது. சுவருக்குள் ஓடும் ஒயர், சுவிட்ச், பிளக், விளக்கு, மெயின் பெட்டி எல்லாம். எங்கு போனாலும் பொதுவாக இதற்கு வீட்டுக்காரர்தான் காசு கட்டுவார், இதில் பெரிய வாக்குவாதம் கிடையாது. மலேசியாவில் இந்த வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற குத்தகைக்காரர்தான் செய்ய வேண்டும். தகுதிச் சான்றிதழ் உள்ள ஒயர்மேன் வேலையை மேற்பார்த்து முடித்ததற்கு ஒரு பாரம், சோதனை செய்து பார்த்ததற்கு ஒரு பாரம். போராங் ஜி, போராங் எச் என்பார்கள். 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகளில் இருக்கிற விஷயம் இது. இந்த இரண்டு தாள் இல்லாமல் இணைப்பு கிடையாது.

எங்கள் மலைக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. கோலாலம்பூரில் சுடுதண்ணி ஹீட்டர் சொகுசு. பிரிஞ்சாங்கில் விடிகாலையில் குளிக்கப் போய்ப் பாருங்கள், அது சொகுசா தேவையா என்று தெரியும். குளியலறைச் சுவரில் மாட்டுகிற ஹீட்டர் மூன்று, மூன்றரை கிலோவாட் இழுக்கும். அந்த ஒரு கருவிக்காகத் தனி ஒயர் வேண்டும், அதற்குத் தனியாக ஒரு கசிவு காப்பு சுவிட்சும் வேண்டும். வீட்டு மொத்தத்துக்கு 100 மில்லி ஆம்பியர், பிளக்குகளுக்கு 30, ஹீட்டருக்கு 10 என்று அதற்குக் கணக்கு இருக்கிறது. ஈர உடம்போடு தொடுகிற இடம் என்பதால்தான் அந்தப் பத்து. பத்து போட வேண்டிய இடத்தில் விலை குறைவு என்று வேறொன்றை மாட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பெட்டியைத் திறந்து எண்ணைப் படித்துப் பாருங்கள், அதன் மேலேயே எழுதியிருக்கும். காசு மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை.

அடுத்தது வைப்புத் தொகை. சகாரான் என்று சொல்வார்கள். சுமார் இரண்டு மாத பில் அளவு. பில் கட்டாமல் ஓடிவிட்டால் என்ன செய்வது என்று நிறுவனம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிற பணம். இது செலவு இல்லை, கணக்கை மூடும்போது திரும்பி வரும். மாமாவின் தாளில் இதையும் மொத்தத்தோடு கலந்திருந்தார்கள். ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். குத்தகைக்காரர் கட்டிவிட்டு அவர் பெயரிலேயே ரசீது வைத்துக்கொண்டால், பத்து வருஷம் கழித்து நீங்கள் யாரைத் தேடுவீர்கள்?

இப்போது போஸ்ட்டுக்கு வருவோம்.

1990ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. ஓர் இடத்தின் சொந்தக்காரரோ குடியிருப்பவரோ கேட்டால், உரிமம் பெற்ற நிறுவனம் மின்சாரம் கொடுத்தாக வேண்டும், அதற்குத் தேவையான கம்பியையும் போட வேண்டும் என்கிறது. "குடியிருப்பவர்" என்பதைக் கவனியுங்கள், சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் அதே சட்டம், கம்பி போட்டதில் ஏற்பட்ட நியாயமான செலவைக் கேட்டவரிடமிருந்து வசூலிக்கலாம் என்றும் சொல்கிறது. ஆக உரிமை உண்டு, இலவசம் இல்லை. ரோட்டோரத்தில் ஏற்கெனவே போஸ்ட் நிற்கிற வீட்டுக்கு இது பெரிய விஷயமே இல்லை. ஒரு கறுப்பு முறுக்குக் கம்பியை இழுத்து மாட்டி மீட்டர் வைத்தால் முடிந்தது. மாமா வீடு அப்படியில்லை. காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே மண் பாதையில் இறங்கிப் போக வேண்டும். கடைசி போஸ்ட் மேட்டு வளைவில் நிற்கிறது. அங்கிருந்து கீழே சரிவு, நடுவில் அடுத்தவர் நிலம்.

அடுத்தவர் நிலத்தில் போஸ்ட் நட அவர் சம்மதம் வேண்டும். மலைச் சரிவில் போஸ்ட் நிற்க அடித்தளம் வேண்டும், மழைக்கு மண் சரியாத இடமாகப் பார்க்க வேண்டும். தூரம் கூடினால் மின்னழுத்தம் இறங்கும், அதற்கேற்பத் தடிமனான கம்பி வேண்டும். இல்லாவிட்டால் ஹீட்டரைப் போட்டதும் வரவேற்பறை விளக்கு மங்கிவிடும். சமவெளியில் இதே தூரத்துக்கு ஆகிற செலவும் மலையில் ஆகிற செலவும் ஒன்றாக இருக்காது.

சரி, இந்தச் செலவை அந்த ஒரு வீட்டுக்காரர் மட்டும் சுமப்பது நியாயமா? எல்லோர் பில்லிலும் சேர்த்துவிட்டால் ஈப்போவில் அடுக்குமாடியில் இருக்கிறவர், காட்டுக்குள் பங்களா கட்டுகிறவருடைய போஸ்ட்டுக்கும் சேர்த்துக் கட்டுவார். அதுவும் அநியாயம். மறுபக்கம், முதலில் வருகிறவர் முழுக் காசையும் கட்டி லைன் இழுக்கிறார், இரண்டு வருஷம் கழித்து பக்கத்தில் வீடு கட்டுகிறவர் அதே போஸ்ட்டிலிருந்து சுலபமாக எடுத்துக்கொள்கிறார். முதல் ஆளுக்கு யார் காசைத் திருப்பிக் கொடுப்பது? இது புதுச் சிக்கல் இல்லை. அமெரிக்காவில் 1930களின் தொடக்கத்தில் பத்துப் பண்ணைகளில் ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது. லைன் செலவை நீயே கட்டு என்று கம்பெனிகள் விவசாயிகளிடம் கேட்டதுதான் முக்கியக் காரணம். கடைசியில் அரசாங்கம் 1935இல் கிராம மின்மயத்துக்கென்று தனி அமைப்பு உண்டாக்கி, விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கடன் கொடுத்துத்தான் லைன் போனது. வீட்டுக்காரர் தனியாளாக நின்றால் கம்பி வராது என்பது அங்கேயே தெரிந்த கதை.

தாமானில் வீடு வாங்கியவர்கள், "நாங்கள் எதுவும் கட்டலையே, சாவி வாங்கினோம், கரண்டு இருந்துச்சு" என்பார்கள். கட்டினீர்கள். மேம்பாட்டாளர் துணை மின்நிலையத்துக்கு இடம் ஒதுக்கி, கட்டடம் கட்டி, தன் பங்குப் பணமும் கட்டியிருப்பார். அதெல்லாம் வீட்டு விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. முப்பது வருஷ வங்கிக் கடனில் வட்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நான் உண்மையில் எழுத வந்தது லயத்தைப் பற்றி.

கேமரன் மலையில் தேயிலை பெரிய அளவில் வந்தது 1929இல், ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தோட்டத்தைத் தொடங்கியபோது. 1933இல் பாரத் தோட்டம் வந்தது. காட்டை வெட்டி, சரிவில் செடி நட்டு, அங்கேயே லயம் கட்டிக் குடியேறியவர்கள் நம்மவர்கள். தொழிற்சாலைக்கு மின்சாரம் முதலில் வரும். இலையை வாட்ட, அரைக்க, உலர்த்த அது வேண்டும். துரை பங்களாவுக்கு வரும், கிராணி வீட்டுக்கு வரும். லயத்துக்கு வரும்போது கடைசி. நாட்டின் பல தோட்டங்களில் இதே வரிசைதான். ஜெனரேட்டர் காலத்தில் சாயங்காலம் போட்டு இரவு பத்து மணிவாக்கில் நிறுத்திவிடுவார்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். படம் முடிவதற்குள் விளக்கு போய், கதாநாயகி கடைசியில் யாரைக் கட்டினாள் என்று தெரியாமலே தூங்கப்போன கதை எங்கள் அத்தையிடம் நிறைய உண்டு.

இன்றைக்குச் சட்டம் இருக்கிறது. தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம், 1990, 446ஆம் சட்டம் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் என்று இருந்ததை 2019இல் திருத்தி மற்றத் துறைகளுக்கும் விரித்தார்கள், 2020 ஜூன் முதல் அமலில் இருக்கிறது. வீடு கொடுக்கிற முதலாளி என்னென்ன செய்ய வேண்டும் என்று அது பட்டியல் போடுகிறது. குழாய்த் தண்ணீர் இலவசமாகவும் போதுமான அளவிலும் கொடுக்க வேண்டும். மின்சாரம் போதுமான அளவில் கொடுக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தண்ணீருக்கு இருக்கிற 'இலவசம்' மின்சாரத்துக்கு இல்லை. அதாவது போஸ்ட், கம்பி, இணைப்பு முதலாளி பொறுப்பு. மாதாமாதம் எரிகிற கரண்டுக்கு யார் பணம் என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும்.

இதில் நம் ஆட்கள் கவனிக்காமல் விட்டது மீட்டர். சில தோட்டங்களில் வீட்டுக்கு வீடு தனி மீட்டர், தனிக் கணக்கு உண்டு. வேறு இடங்களில் தோட்டத்துக்கே ஒரு பெரிய மீட்டர், அதன் பின்னால் லயம். அப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறவர் மின் நிறுவனத்தைப் பொறுத்தவரை வாடிக்கையாளரே இல்லை. வாடிக்கையாளர் தோட்டம்தான். 2008 அக்டோபரிலிருந்து 2018 கடைசிவரை மாத பில் 20 வெள்ளிக்குள் வந்தால் அதை அரசாங்கமே கட்டியது, ஞாபகம் இருக்கிறதா? ஒரு விளக்கு, ஒரு டிவி, ஒரு ஐஸ்பெட்டி என்று இருக்கிற லயத்து வீட்டுக்கு அது தைத்து வைத்த சட்டை. 2019 முதல் இ-காசே பட்டியலில் உள்ள ஏழைக் குடும்பங்களுக்கு 40 வெள்ளிவரை கழிவு. 2020 கோவிட் காலத்தில் வீட்டுக் கணக்குகளுக்கெல்லாம் தள்ளுபடி. இவை எல்லாமே கணக்கு எண்ணைத் தேடி வருகிற சலுகைகள். தோட்டத்து மீட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் வீட்டுக் கதவை அவை தட்டவில்லை.

முப்பது, நாற்பது வருஷம் இப்படி இருந்துவிட்டு ஒருவர் வெளியே வந்து வீடு கட்டுகிறார். அவர் பெயரில் இதுவரை ஒரு பில் கிடையாது, வைப்புத் தொகை கிடையாது. அறுபது வயதில் புது வாடிக்கையாளர். ஒயரிங், வைப்பு, இணைப்புக் கட்டணம், போஸ்ட் என்று எல்லாம் ஒரே மாதத்தில், சம்பளம் நின்ற பிறகு வந்து நிற்கிறது. மாமாவின் கோபம் போஸ்ட் மேல் என்று நினைத்தேன். பேசப்பேசத்தான் தெரிந்தது, அவர் கணக்குப் பார்த்தது இந்த நாற்பது வருஷத்தை.

அரசாங்கப் பணத்தில் கம்பி இழுக்கிற திட்டம் இல்லாமல் இல்லை. கிராமப்புற மேம்பாட்டு அமைச்சின் கீழ் கிராமப்புற மின் விநியோகத் திட்டம் பல வருஷமாக நடக்கிறது. கம்பங்களுக்கும் பூர்வகுடி கிராமங்களுக்கும் போஸ்ட் போனது இதில்தான். 1997 முதல் மின் உற்பத்தி நிறுவனங்கள் வருவாயில் ஒரு சதவீதத்தை ஒரு பொது நிதியில் போடுகின்றன, கிராம மின்மயமும் அதில் ஒரு செலவினம். ஆக, எல்லோர் காசிலும் போஸ்ட் நடுவது என்ற கொள்கையை இந்த நாடு எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. தோட்டம் என்று வரும்போதுதான் சிக்கல். தோட்டம் தனியார் நிலம், அதனால் அது கிராமம் ஆகாது. சின்னத் தோட்டங்களுக்கு, அதாவது 400 ஹெக்டருக்குக் குறைந்தவற்றுக்கு, உதவி உண்டு. அதற்கு மேலே முதலாளி பார்த்துக்கொள்ள வேண்டும். 'போ' தோட்டங்கள் எல்லாம் சேர்த்து 1,200 ஹெக்டர் அளவு வரும். பெரிய கம்பெனி அதன் லயத்துக்குத் தானே கரண்டு கொடுக்கட்டும் என்பது சரிதான், எனக்கு அதில் மறுப்பு இல்லை. ஆனால் அந்த லயத்திலிருந்து வெளியே வருகிறவர் எந்தப் பட்டியலில் வருவார்? அவர் கம்பத்துக்காரரும் இல்லை, தோட்டத்துக்காரரும் இல்லை.

இவ்வளவும் நடப்பது எந்த மலையில் என்று யோசித்தால்தான் வயிறு எரிகிறது. தெலோம் ஆற்றுத் தண்ணீரைச் சுரங்கம் வழியாக பெர்த்தாமுக்குத் திருப்பி, ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணையில் தேக்கி, மலைக்குள்ளே குடைந்து அந்தப் பக்கம் பேராக்கில் இருக்கிற ஜோர் நிலையத்தில் இறக்குகிறார்கள். 1963இல் முடிந்த வேலை. ஜோரின் திறன் 100 மெகாவாட். ஹாபுவில், ரோபின்சன் அருவியில், கம்போங் ராஜாவில் சின்னச் சின்ன நிலையங்கள் வேறு. பிறகு 2016இல் உலு ஜெலாய் வந்தது, 372 மெகாவாட். பகாங் தண்ணீர் பேராக்கில் விழுந்து தீபகற்பம் முழுக்க விளக்கு எரிகிறது. 2013 அக்டோபர் 23 நள்ளிரவில் அந்த அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் போயின, உயிர்களும் போயின. மின்சாரத்துக்கான விலையில் ஒரு பங்கை இந்த மலை ஏற்கெனவே கட்டியிருக்கிறது.

இது எங்கள் மலைக்கு மட்டும் வாய்த்த விதியும் இல்லை. மூணாறு தேயிலைக்கு நடுவே பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940இல் ஓடத் தொடங்கியது. இலங்கையில் லக்சபான 1950இல் வந்தது. கொழும்புக்கு வெளிச்சம் போன பிறகும் அந்த மலைநாட்டு லயங்கள் பலவற்றில் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்குதான். தேயிலைக்கு ஏற்ற மழையும் சரிவும் மின்சாரத்துக்கும் ஏற்றவை. அதனால் அணையும் லயமும் எங்கு பார்த்தாலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, கம்பி மட்டும் சுற்றி வருகிறது.

தமிழ்நாட்டை இங்கே பலர் எடுத்துக்காட்டுவார்கள். "அங்கெல்லாம் 100 யூனிட் இலவசம்" என்று. உண்மைதான், 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். ஆனால் புது இணைப்பு கேட்டுப் போனால் அங்கேயும் மேம்பாட்டுக் கட்டணம், வைப்புத் தொகை என்று கட்டத்தான் வேண்டும். குடிசைகளுக்கு ஒரு விளக்கு இணைப்பு கொடுத்த திட்டத்தில் மட்டும் நமக்குப் பாடம் இருக்கிறது. ஏழை வீட்டுக்கு முதல் கம்பியை அரசு போடும் என்று எழுதி வைத்தார்கள். நாமும் கேட்க வேண்டியது அதைத்தான், யூனிட்டை அல்ல.

நிலப் பத்திரப் பிரச்சினையையும் சொல்லாமல் விட முடியாது. கேமரன் மலையில் நிறைய விவசாயம் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில், அதாவது டி.ஓ.எல்.லில் ஓடி வந்தது. வருஷாவருஷம் புதுப்பிக்கிற உரிமம் அது. அதில் நிரந்தர வீடு கட்டிக்கொண்டு போஸ்ட் கேட்டால், முதல் கேள்வியே உங்கள் தாள் என்ன என்பதாகத்தான் இருக்கும். சட்டம் 'குடியிருப்பவர்' என்று சொன்னாலும் கவுன்டரில் பத்திரம், ஒப்பந்தம் அல்லது நிலச் சொந்தக்காரர் சம்மதக் கடிதம் கேட்பார்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்ளலாமே என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். மழை ஓயாத ஊரில் மண்ணில் புதைத்த பழைய ஒயர் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

மாமா கடைசியில் கட்டினார். தாளைப் பிரித்ததில் குத்தகைக்காரர் சேர்த்திருந்த கொழுப்பு கொஞ்சம் கரைந்தது. அண்டையில் நிலம் வைத்திருக்கிற இன்னொருவர் தானும் சீக்கிரம் வீடு கட்டப் போவதாகச் சொல்லி, இரண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பம் போட்டார்கள். போஸ்ட் செலவு பங்காயிற்று. நில எல்லையில் நட அவர் கையெழுத்தும் கையோடு கிடைத்தது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். காட்டுக்குள் ஓய்வு பங்களா கட்டுகிறவர் தன் போஸ்ட்டைத் தானே நடட்டும். தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர் கட்டுகிற முதல் வீட்டுக்கு, கடைசி போஸ்ட்டிலிருந்து வாசல்வரை வருகிற கம்பி பொதுப் பணத்தில் வர வேண்டும். அதற்கான நிதியும் திட்டமும் ஏற்கெனவே இருக்கின்றன. பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும். தோட்டத் தொழிலாளர் சங்கமும் கேமரன் மலை நாடாளுமன்ற உறுப்பினரும் கேட்க வேண்டிய வரி அது.

லயத்தில் இருக்கிறவர்களுக்கும், ஓய்வை எதிர்பார்த்து நிலம் தேடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். நிலம் பார்க்கப் போகும்போது தண்ணீர் இருக்கிறதா, ரோடு இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். கடைசி போஸ்ட் எங்கே நிற்கிறது, அதற்கும் உங்கள் நிலத்துக்கும் நடுவில் யார் நிலம் இருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.